டைகர் மாத் என்ஜின் பூட்டிய கார்: சில வருட அனுபவம்

பழைய பாணிக் காரில் விமான என்ஜினைப் பூட்டி ஓட்டுவது இங்கிலாந்தில் நூறு வருடப் பழக்கம். நான் குடியிருக்கும் கென்ட் பக்கம்தான், கேன்டர்பரி அருகே ஹைஹாம் பார்க் மாளிகையில் இருந்த கவுண்ட் (பிரபு) ஸ்போரோவ்ஸ்கி, 23 லிட்டர் மேபாக் விமான என்ஜினை மெர்சிடிஸ் காரின் சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஏற்றி, 1921-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். முதல் உலகப்போர் முடிந்து, போர் விமான என்ஜின்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது.

நானும் ஒரு நண்பரும் சேர்ந்து வைத்திருக்கும் கார் அவ்வளவு பெரியது இல்லை. 1930-களின் சேசிஸ், அதில் டி ஹாவிலண்ட் ஜிப்ஸி மேஜர் என்ஜின். டைகர் மாத் பயிற்சி விமானத்தில் இருப்பது இதுதான். நான்கு சிலிண்டர், 6.1 லிட்டர், 130 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரே ஒன்றரை லிட்டர். விமானத்தில் இது தலைகீழாகத் தொங்கும்; எங்கள் காரில் நிமிர்த்தி வைத்திருக்கிறது. அதனால் எண்ணெய்த் தொட்டி, கார்புரேட்டர் எல்லாவற்றையும் மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. என்ஜின் சுற்றும் திசையும் சாதாரணக் காருக்கு நேர் எதிர். பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலை மறுபக்கம் மாற்றிப் போடாவிட்டால் நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும்தான் மிஞ்சும்.

ஓட்டும் சுகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முழுத் திறனும் நிமிடத்துக்கு 2,350 சுற்றிலேயே வந்துவிடும். மணிக்கு 60 மைலில் போகும்போது சுமார் 1,800-தான் காட்டும். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாக முதுகில் தெரியும். மேட்டில் கியரை இறக்கவே வேண்டாம், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், இழுத்துக்கொண்டு ஏறிவிடும். இத்தனை வருடத்தில் இது எனக்குத் துளியும் அலுக்கவில்லை.

கிளப்புவது ஒரு தனி வேலை. முதலில் சாவி போடாமல் என்ஜினைக் கையால் சில சுற்றுகள் சுற்றுவோம். பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் 'டக்' என்று விடுபடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அன்று கிளம்பாது. சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு, இரண்டு மேக்னெட்டோ. சூடானதும் விமானிகள் செய்வது போலவே மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்போம். சுற்று லேசாக இறங்கினால் சரி. தடுமாறினால் ஏதோ ஒரு பிளக்கில் கரி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள்.

பெரிய தொல்லை சூடு. ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் குளிர வைக்க வேண்டும். விமானத்தில் புரொப்பெல்லர் அடிக்கும் காற்று இருக்கும், மெய்ட்ஸ்டோன் நகர நெரிசலில் அதற்கு எங்கே போவது? கோடையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற பாதையில் எடுப்பதையே விட்டுவிட்டோம். அப்புறம் எண்ணெய். குடிக்கும், ஒழுகவும் செய்யும். ஒரு டப்பா எப்போதும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். 2021-இல் இங்கே சாதாரண பெட்ரோல் 10 சதவீத எத்தனாலுக்கு மாறியதிலிருந்து பழைய ரப்பர் குழாய்கள் தாங்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றினோம், இப்போது எத்தனால் குறைந்த சூப்பர் பெட்ரோல் மட்டும்தான்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். டைகர் மாத்கள் இன்னும் பறப்பதால் கிடைக்கிறது, விலைதான் விமான விலை. இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பறக்கத் தகுதியுள்ள என்ஜினைக் காருக்கு எடுக்கக் கூடாது. எங்களுடையது விமானச் சோதனையில் கழிக்கப்பட்டது. தரையில் ஓட அது தாராளம். அதே போல, முழுசாக இருக்கும் பழைய காரைப் பிரித்து இதற்குச் சேசிஸ் எடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. பாடி இல்லாமல் துருப்பிடித்துக் கிடக்கும் சேசிஸ்கள் எத்தனையோ இருக்கின்றன.

இப்படி ஒரு கார் விலைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பானட்டைத்தான் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் கீழே குனிந்து பிரேக்கையும் பின் அச்சையும் பாருங்கள். அந்தக் கால டிரம் பிரேக் அந்தக் காலத்துச் சிறு என்ஜினுக்குச் செய்தது. நாங்கள் வாங்கிய பிறகு அதிகம் செலவழித்தது என்ஜினுக்கு இல்லை, கேபிள் பிரேக்கை ஹைட்ராலிக்காக மாற்றத்தான்.