கார்மிஷ், மிட்டன்வால்ட், சீஃபெல்ட்: இரட்டைக் கைக்குழந்தைகளோடு ஒரு குளிர்கால வார இறுதி

முழுதாகப் படிக்க நேரமில்லாத இரட்டைக் குழந்தை அம்மாக்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையூருக்குப் போவதென்றால் சீஃபெல்ட். கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் மிட்டன்வால்ட். கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷென், பிள்ளைகள் சொந்தக் காலில் நடக்கிற வயது வந்த பிறகு. முந்தைய இரண்டும் தெற்கு ஜெர்மனியில், சீஃபெல்ட் மட்டும் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில், ஆனால் மூன்றும் ஒரே ரயில் பாதையில் வரிசையாக இருப்பதால் ஒரே பயணத்தில் மூன்றுக்கும் போனோம். எங்கள் இரட்டையர் இருவரும் பத்து மாதப் பெண் குழந்தைகள். பெரியவள், சின்னவள் என்று சொல்லிக்கொண்டாலும் இடையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

மியூனிக்கில் இருக்கிறோம், கார் கிடையாது. இருந்திருந்தாலும் இந்தப் பாதைக்கு ரயிலைத்தான் சொல்வேன். தடித்த குளிர் ஜாக்கெட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் கட்டக் கூடாது. பெல்ட் உடம்பைப் பிடிக்காது. அதனால் ஏறும்போது கழற்று, இறங்கும்போது மாட்டு, அதுவும் இரண்டு பேருக்கு. இரண்டாமவளின் ஜிப்பை ஏற்றுவதற்குள் முதலில் மாட்டியவள் வியர்த்துக் கத்தத் தொடங்கிவிடுவாள். ரயிலில் அந்தக் கூத்து இல்லை. ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டும் இல்லை. பெரியவர்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களுக்கான மாதச் சீட்டு) இருந்தால் மிட்டன்வால்ட் வரை அதுவே போதும். எல்லை தாண்டி ஆஸ்திரியப் பக்கம் போக மட்டும் தனி டிக்கெட் வாங்க வேண்டும்.

கார்மிஷ் வண்டிகள் மியூனிக் மத்திய நிலையத்தில் பக்கவாட்டில் ஒதுங்கிய 27 முதல் 36 வரையிலான பிளாட்பாரங்களில் நிற்கும். ஸ்ட்ரோலரோடு ஓடிப் பிடிக்கிற தூரமல்ல, முன்னாலேயே போய்விடுங்கள். சனிக்கிழமை காலை எட்டு மணி வாக்கில் ஊர்ப்பட்ட ஸ்கீ கூட்டம் ஏறும். ஸ்ட்ரோலர், சைக்கிள், ஸ்கீ, சறுக்கு வண்டி எல்லாவற்றுக்கும் மடக்கு சீட் போட்ட அதே ஒரு பகுதிதான். நாங்கள் விடிவதற்கு முந்தைய வண்டியைப் பிடித்தோம். எப்படியும் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிற பிள்ளைகள், அந்தக் கொடுமைக்கு ஒரு பலனாவது இருக்கட்டுமே. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள், ஸ்டார்ன்பெர்க் ஏரி அந்தப் பக்கம்தான் வரும். முர்னாவ் தாண்டியதும் மலைகள் சட்டென்று கிட்டே வந்துவிடும். கார்மிஷுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாலுக்கும் டயப்பருக்கும் ஒரு சுற்று, ஒரு குட்டித் தூக்கம், அதற்குச் சரியாக இருக்கும்.

ஸ்ட்ரோலரைப் பற்றிச் சொல்லாமல் ஊர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்களுடையது பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வகை, அகலம் 76 சென்டிமீட்டர். ரயில் கதவில் தாராளமாக நுழையும். பழைய பேக்கரிக் கதவில் நுழையாது. முன்னும் பின்னுமாக உட்கார்கிற வகை ஒல்லியாக இருக்கும், எல்லாக் கடையிலும் நுழையும். ஆனால் பனியில் அதைத் திருப்புவது பெரும்பாடு, பின் சீட்டில் இருப்பவளுக்குத் தெரிகிற ஒரே காட்சி முன் சீட்டின் முதுகு. எந்த வகையானாலும் சக்கரத்தைப் பாருங்கள். இங்கே நடைபாதைகளில் வழுக்காமலிருக்கப் பொடி ஜல்லி தூவுவார்கள். அந்த ஜல்லியும் பாதி உருகிய பனியும் சேர்ந்த கூழ், சின்ன பிளாஸ்டிக் சக்கரத்தின் அச்சுக்குள் போய் உட்கார்ந்து கெட்டியாகிவிடும். பிறகு முன் சக்கரம் சுற்றாது, உழுதுகொண்டே போகும். கணவர் வீட்டுச் சாவியால் தோண்டித் தோண்டி எடுத்தார். காற்றடைத்த பெரிய சக்கரம் என்றால் இந்தத் தொல்லை பாதிதான். பனி கணுக்கால் அளவு கிடந்தால் தள்ளாதீர்கள். திருப்பி வைத்துப் பின்னால் இழுங்கள், சுலபமாக வரும்.

இனி கார்மிஷ். கார்மிஷ், பார்ட்டன்கிர்ஷென் என்று இரண்டு தனி ஊர்களாக இருந்ததை, 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காக முந்தைய வருடம் ஒன்றாக்கினார்கள். ரயில் நிலையம் இரண்டுக்கும் நடுவில். விளைவு, எந்தப் பக்கம் போனாலும் பார்க்கிற மாதிரியான தெரு வருவதற்குக் கால் மணி நேரம் சாதாரண ரோட்டில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பார்ட்டன்கிர்ஷென் பக்கத்து லுட்விக் தெரு நன்றாக இருக்கிறது, சித்திரம் தீட்டிய பழைய வீடுகள். ஆனால் இந்த ஊருக்கு ஜனம் வருவது தெருவுக்காக இல்லை. ஜெர்மனியின் உச்சி மலையான சுக்‌ஷ்பிட்சேவுக்காக, இல்லையென்றால் பார்ட்னாக் பள்ளத்தாக்குக்காக. இரண்டும் எங்களுக்கு ஆகாது. சுக்‌ஷ்பிட்சே 2,962 மீட்டர்; ஐப்சே ஏரிக்கரையிலிருந்து போகும் புதிய கேபிள் கார் பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 1,950 மீட்டர் தூக்கிவிடும். காது அடைத்தால் நாம் எச்சில் விழுங்குவோம், கொட்டாவி விடுவோம். பத்து மாதத்துக்கு அழத்தான் தெரியும். எங்கள் குழந்தை மருத்துவர், மூக்கில் சளியும் இருக்கிற இந்த மாதங்களில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பார்ட்னாக், பாறையைக் குடைந்த குறுகிய பாதை. குளிர்காலத்தில் மேலிருந்து கீழ்வரை பனித்தூண்கள் தொங்கும், படங்களில் பார்த்தாலே ஆசையாக இருக்கும். ஸ்ட்ரோலர் போகாது. குழந்தைகளை ஆளுக்கொன்றாக, உடம்போடு கட்டுகிற கேரியரில் போட்டுக்கொண்டு ஈரப் பாறையில் நடக்க எனக்குத் துணிவில்லை. ஒலிம்பிக் ஸ்கீ மைதானத்தை மட்டும் பார்த்தோம். சமதரை, பெரிய இடம், காற்று மட்டும் கன்னத்தை அறுத்தது.

சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். ஞாயிறு ஜெர்மனியில் கடை இல்லை, டயப்பர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். டிஎம் என்ற சோப்பு, டயப்பர் விற்கிற கடைகளில் குழந்தைக்கு உடை மாற்றும் மேஜை வைத்திருப்பார்கள், அதில் டயப்பரும் ஈரத் துடைப்பானும் இலவசம். பாதிப் பேருக்கு இது தெரியாது. கதகதப்பான இடம், பக்கத்திலேயே நின்று இன்னொருத்தியைக் கொஞ்சுகிற யாராவது ஒரு பாட்டி, வேறென்ன வேண்டும்.

மாலை மிட்டன்வால்டுக்கு ஏறினோம். இந்த மலை ரயில்பாதை 1912இல் திறந்தது, தொடக்க காலத்திலேயே மின்சார ரயில். கார்மிஷிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். நிலையத்திலிருந்து ஓபர்மார்க்ட் தெரு ஐந்து நிமிட நடை. அந்தத் தெருவுக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். வண்டி வராத தெரு, இரு பக்கமும் வீட்டுச் சுவர் முழுக்க புனிதர்களும் தேவதைகளும் சாயம் மங்காமல் நிற்கிறார்கள், மாதா கோவில் கோபுரத்திலும் ஓவியம், அதற்கு நேர் பின்னால் கார்வெண்டல் மலைச் சுவர். 1487இல் வெனிஸ் வியாபாரிகள் தங்கள் சந்தையை போட்சனிலிருந்து இங்கே மாற்றியதில் கொழித்த ஊர். சந்தை போன பின் வயலின் காப்பாற்றியது. மத்தியாஸ் க்ளோட்ஸ் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி வைத்த தொழில், இன்றும் அங்கே வயலின் செய்யக் கற்றுத்தரும் பள்ளி நடக்கிறது. ஒரு பட்டறை ஜன்னலில் வார்னிஷ் பூசாத வெள்ளை வயலின்கள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. உள்ளே விளக்கு. பெரியவள் கையை நீட்டி நீட்டி அதைக் கேட்டாள். சின்னவள் பக்கத்தில் வாய் பிளந்து தூங்கினாள். இந்த ஊரில் பார்க்க வேண்டியதெல்லாம் தெருவிலேயே இருக்கிறது, டிக்கெட்டும் இல்லை, படியும் இல்லை.

படி எல்லாம் தங்கிய இடத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். காலை உணவோடு 120 யூரோவுக்குக் கொஞ்சம் மேல், சுற்றுலா வரி தனி. பழைய வீடு, செங்குத்தான மரப்படி, எங்கள் அறை மேல் மாடியில். லிஃப்ட் இல்லை என்று முன்பே எழுதியிருந்தார்கள், அது குறையில்லை. குழந்தைக் கட்டில் இரண்டு என்று கேட்டு, சரி என்று பதிலும் வந்திருக்க, அறையில் இருந்தது ஒன்று. இரட்டைக் குழந்தைகளுக்கு ஒரு கட்டில் போதும் என்று நினைத்தார்களாம். ஒருத்தி உதைத்தால் மற்றவள் எழுவாள், அவள் அழுதால் இவள் எழுவாள், ராத்திரி முழுக்க சிவராத்திரிதான். வீட்டுக்காரப் பெண்மணி அரை மணி நேரத்தில் பக்கத்து வீட்டில் போய் ஒரு மடக்குக் கட்டிலை வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அதற்காக மதிப்பெண்ணைக் கூட்டவா, முதலில் இல்லாததற்காகக் குறைக்கவா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அறையில் அனல் பறக்கிற ஹீட்டர். கைக்குழந்தை தூங்க 16 முதல் 18 டிகிரி போதும் என்று இங்கே பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வருகிற மருத்துவச்சிகள் தலையில் அடித்துச் சொல்வார்கள். அணைத்துவிட்டு, குழந்தைகளை வழக்கமான தூக்கப் பைகளில் போட்டோம். தலையணை உயரத்துக்கு உப்பிய இறகுப் போர்வை எங்களுக்கு மட்டும்.

ஞாயிறு காலை சீஃபெல்ட். மிட்டன்வால்டிலிருந்து எல்லை தாண்டி அரை மணி நேரம்கூட இல்லை, ஆனால் வண்டிகள் அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஊர் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டுச் சமவெளி. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கடைத்தெரு. வண்டிகள் இல்லாத, மேடு பள்ளம் இல்லாத, அகலமான தெரு. எங்கள் ஸ்ட்ரோலர் பயணம் முழுவதிலும் முதல்முறையாக ஒரு கையால் தள்ளும்படி ஓடியது. 1964, 1976 இரண்டு இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்குகளிலும் சமதரைப் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த ஊர் இது, அந்தத் தட்டையான நிலம்தான் நமக்கும் வசதி. நடப்பவர்களுக்கென்று பனியை அமுக்கி உருட்டிய பாதைகள் இருக்கின்றன. ஊர் ஓரத்தில் வயல் நடுவே சேகிர்ஷல் என்ற வட்டமான குட்டிக் கோவில், 17ஆம் நூற்றாண்டினது. அங்கே வரை தள்ளிக்கொண்டே போனோம், வழியில் ஒரு இடத்தில்கூடத் தூக்கவில்லை. ஒரு குடும்பம் குழந்தை டிரெய்லரில் சக்கரத்துக்குப் பதில் ஸ்கீ மாட்டி இழுத்துப் போனது. கணவர் கண் அதிலேயே இருந்தது, விலை கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். குதிரை வண்டி மணியோசை கேட்கும்போதெல்லாம் இரண்டும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின.

உடை விஷயம் சுருக்கமாக. கை சில்லென்று இருந்தால் பதறாதீர்கள், பின் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், அது சூடாக இருந்தால் பிள்ளை சூடாக இருக்கிறது. கேரியரில் கட்டினால் ஒரு அடுக்கைக் குறையுங்கள், காலுக்கு மட்டும் கம்பளி கூட்டுங்கள். கன்னத்துக்குத் தண்ணீர் கலக்காத கொழுப்பு க்ரீம்.

சாப்பாடு. இந்த மலையூர்ப் பல உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் மறுபடி மாலை ஐந்தரைக்குத்தான். பிள்ளைகளின் தூக்கத்தை அதற்கேற்ப நகர்த்துங்கள். கொஞ்சம் பணத்தாள் வைத்துக்கொள்ளுங்கள், கார்டு வாங்காத இடம் இன்னும் உண்டு. அப்புறம் ஹை சேர். எல்லா இடத்திலும் இருக்கும், ஒன்றே ஒன்று இருக்கும். இன்னொருத்தி மடியில், மேஜைத் துணி அவள் கையில், சூப் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீஃபெல்டில் நாங்கள் நுழைந்த இடத்தில் மட்டும் பணிப்பெண் கேட்காமலே இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டையும் ஜன்னலோரமாகச் சுவர்ப் பக்கம் சாய்த்து வைத்தார். இந்த ஊருக்கு நான் கொடுத்த முதலிடத்தில் அந்தப் பெண்ணுக்கும் பங்குண்டு. முட்டை சாப்பிடுகிற சைவம் என்றால் கவலை இல்லை: சீஸ் உருகிய நூடுல்ஸ் மாதிரியான கேஸ்‌ஷ்பெட்ஸ்லெ, பிய்த்துப் போட்ட இனிப்பு பான்கேக்கான கைசர்ஷ்மார்ன். பின்னதில் திராட்சையை ரம்மில் ஊற வைப்பார்கள், பிள்ளைகளுக்கு ஒரு வாய் கொடுப்பதாக இருந்தால் திராட்சை இல்லாமல் கேளுங்கள். உப்பில்லாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு கேட்டோம், செய்து கொடுத்தார்கள்.

திரும்பும்போது மிட்டன்வால்டில் எல்லைப் போலீஸ் ஏறினார்கள். ஐரோப்பாவுக்குள்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கைக்குழந்தைக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டும் வசிப்பு அட்டையும் வேண்டும். எங்கள் பிள்ளைகளின் படங்கள் இரண்டு மாதத்தில் எடுத்தவை, இரண்டும் ஒரே மொட்டைத் தலை. அந்த இளைஞர் படத்தைப் பார்த்தார், தூங்குகிற இருவரையும் பார்த்தார், எது எவர் என்றார். நான் சொன்னதை அப்படியே நம்பினார். எனக்கே பாதி நம்பிக்கைதான்.

சீஃபெல்டில் அறை வாடகை மிட்டன்வால்டைவிடக் கூடுதல்தான். ஆனாலும் அங்கேயே தங்கி, மிட்டன்வால்டை ஒரு அரை நாள் மட்டும் பார்த்துவிட்டு வருவதே வசதி. பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வருகிற பவேரியப் பள்ளிகளின் ஃபாஷிங் (கார்னிவல்) விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். கட்டில் இரண்டு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து மறுபடியும் இரண்டு என்றே சொல்லுங்கள்.