கன்ட்ரோல் டவர் இல்லாத ரன்வே: நேரா இறங்குறதா, சுத்தி வர்றதா?
நேரா ஃபைனல்ல (ரன்வேக்கு நேரா வர்ற கடைசிப் பாதை) வந்து இறங்குனா நேரமும் எரிபொருளும் மிச்சம்தான், ஆனா பேட்டர்ன்ல (இறங்குறதுக்காக ரன்வேயை ஒட்டிச் சுத்துற பாதை) சுத்திட்டு இருக்கவர் நம்மள கவனிக்காம பேஸ்லருந்து (ஃபைனலுக்கு முன்னாடி வர்ற குறுக்குப் பாதை) ஃபைனலுக்குத் திரும்புனா கதை முடிஞ்சுது, அதுலயும் இறக்கை கீழ இருக்க விமானம் மேலயும் இறக்கை மேல இருக்க விமானம் கீழயும் ஒரே நேரத்துல இறங்குனா ரெண்டு பேருக்கும் அடுத்தவர் கண்ணுலயே படமாட்டார்.

45 டிகிரில டவுன்விண்ட்ல (பேட்டர்ன்ல ரன்வேக்கு இணையா, இறங்குற திசைக்கு எதிரா போற பகுதி) சேர்றது கொஞ்சம் சுத்துதான். ஆனா பொதுவா 1000 அடி உயரத்துல எல்லாரும் ஒரே வட்டத்துல இருக்கதால யார் முன்னாடி போறாங்கன்னு தெரியும், விண்ட்சாக்கையும் (காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டுற துணிக்குழாய்) பாத்துக்கலாம்.

எப்படி வந்தாலும் 10 மைல்லருந்தே ரேடியோல சொல்லுங்க. பதில் வரலைன்னா யாரும் இல்லன்னு நினைச்சிடாதீங்க, ரேடியோவே இல்லாத விமானமும் உண்டு.

என் ஓட்டு 45க்கு. பேட்டர்ன் காலியா இருந்தா நேரா போறதும் தப்பில்ல.