எலும்பு கிராஃப்ட் ஆர்டரில் 38,400 ரூபாய் போச்சு: டெல்டா பக்கம் கிளினிக் வச்சிருக்கிறவங்க படிங்க

பல் மருத்துவப் பொருள் விக்கிற ஆன்லைன் கடை. பேர் வேண்டாம். மாட்டெலும்பு கிராஃப்ட் (பல் பிடுங்கின குழியில எலும்பு வளரப் போடுற துகள்) 0.5 கிராம் வயல், அதாவது குப்பி, பத்து, 2,800 வீதம். அதுக்கு மேல மூடுற கொலாஜன் மெம்பரேன் (சவ்வு) நாலு, 2,600 வீதம். மொத்தம் 38,400, முழுசும் முன்பணம்.

நம்பினது எங்கேன்னா, இறக்குமதி லைசென்ஸ் கேட்டதும் அஞ்சே நிமிஷத்துல எம்டி-15 (அந்த லைசென்ஸ் படிவம்) காப்பி வாட்ஸாப்பில் வந்துச்சு. முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தம். ஆனா முதல் பக்கம் மட்டும். எந்தெந்தப் பொருளுக்கு அந்த லைசென்ஸ்னு பட்டியல் போட்ட பக்கம் வரல. கேட்கவும் இல்ல.

பார்சல் அக்னி நட்சத்திரத்துல கும்பகோணம் வந்து, தகரக் கூரை குடோன்ல ரெண்டு நாள் வெந்திருக்கு. மெம்பரேன் டப்பா மேல தெர்மாமீட்டர் படம் போட்டு 25 டிகிரின்னு இருக்கு! மாடா, பன்னியான்னு மட்டும் எங்கயும் இல்ல. நாகூர்லேர்ந்தும் ஆள் வர்றாங்க, அக்ரஹாரத்துலேர்ந்தும் வர்றாங்க. என்னன்னு சொல்லி ஒப்புதல் கையெழுத்து வாங்குறது?

வயல் லேபிள்ல மணற்கடிகாரப் படத்துக்குப் பக்கத்துல தேதி கொஞ்சம் தடிப்பாத் தெரிஞ்சுது. நகத்தால கிளப்பினா அடியில பழைய தேதி. காலாவதியாகி பதினாலு மாசம்.

கடைக்குப் போன் பண்ணினா, "டீலரைக் கேளுங்க சார்." டீலர், "ஆப்புல டிக்கெட் போடுங்க." டிக்கெட் மறுநாளே க்ளோஸ். மூணாவது ஆள் சொன்னதுதான் உச்சம்: "ஆட்டோக்ளேவ்ல ஒரு தடவை போட்டுக்குங்க, ஒண்ணும் ஆகாது." நீராவியில கருவிகளைக் கிருமி நீக்குற மெஷின் அது.

ஆகும். அந்த மெஷினோட 121 டிகிரியில மெம்பரேன்ல இருக்கிற கொலாஜன் ஜெலட்டின் ஆயிடும், எடுத்தா பிசின்தான் இருக்கும். அதை மேல போட்டா ஈறுத் திசு குழிக்குள்ள இறங்கிடும், எலும்பு வளர இடம் இருக்காது. கிராஃப்ட் துகள் வெறும் தாதுதான், அது லேசுல கெடாதுங்கறது உண்மை. ஆனா தேதி துகளுக்கு மட்டும் போட்டதில்ல, உறையோட சீலுக்கும் சேர்த்துத்தான். சீல் விட்டுட்டா ஸ்டெரைல் (கிருமி இல்லாதது)னு அச்சடிச்சதுக்கு அர்த்தமே இல்ல. அதைப் பல் பிடுங்கின குழியில வச்சுத் தைச்சா சீழ் பிடிக்கலாம், பிடிச்சா வச்சது அத்தனையும் சுரண்டி எடுக்க வேண்டி வரும். 38,400க்கு இதுதான் சரக்கு.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. சுருக்கமா: லைசென்ஸ்ல பொருள் பட்டியல் பக்கத்தையும் வாங்குங்க. லேபிள்ல இறக்குமதியாளர் முகவரி, லைசென்ஸ் நம்பர் இல்லாட்டி திருப்பி அனுப்புங்க. மே மாசம் மெம்பரேன் ஆர்டரே வேண்டாம். லாட் ஸ்டிக்கரை (தயாரிப்புத் தொகுதி நம்பர் போட்டது) நோயாளி கார்டுல ஒட்டுங்க. புகார் மருந்து ஆய்வாளர்கிட்ட எழுத்துல கொடுங்க.

முக்கியமா, தேதி ஸ்டிக்கரை முழுசா உரிக்காதீங்க. பாதி உரிச்ச நிலையில, ரெண்டு தேதியும் தெரியற மாதிரி போட்டோ எடுங்க. இங்க முதல் வயல்ல முழுசா உரிச்சாச்சு. "ஸ்டிக்கர் நீங்களே ஒட்டினது"ன்னு கடைக்காரன் இப்போ சொல்றான்.