ஸ்லோ குக்கரில் ஆப்பிள் மசியல்: நான்கு வருட அனுபவம்

அம்மாவுக்குக் கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிய வாரத்தில்தான் முதன்முதலாக ஆப்பிள் மசியல் செய்தேன். அன்று அடுப்பில்தான் வைத்தேன். பக்கத்திலேயே நின்று கிளறிக்கொண்டிருந்தும், போன் வந்து இரண்டு நிமிடம் நகர்ந்த நேரத்தில் அடிபிடித்துவிட்டது. மேலே இருந்த நல்ல பகுதியிலும் கருகல் வாடை ஏறிவிட்டது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். மறுநாள், அலமாரியின் மேல்தட்டில் சும்மா கிடந்த நான்கரை லிட்டர் ஸ்லோ குக்கரை, அதாவது மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தை, இறக்கினேன். இந்த நான்கு வருடத்தில் மாதம் ஒரு முறையாவது அதில் மசியல் வெந்திருக்கிறது.

நேரம் மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இதை வாங்க வேண்டாம். அடுப்பில் அரை மணி நேரத்தில் வேகிற ஆப்பிள், இதில் ‘ஹை’யில் மூன்று, நான்கு மணி நேரமும் ‘லோ’வில் ஆறு மணி நேரமும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஆறு மணி நேரமும் நமக்குச் சொந்தம். சூடு அடியில் மட்டும் குவியாமல் பீங்கான் பாத்திரத்தின் சுவர் வழியாக மெல்ல மெல்ல ஏறுவதால் அடிபிடிப்பதில்லை, கிளறவும் வேண்டாம். இரவு வைத்துவிட்டுப் படுத்தால், விடிகிற நேரத்தில் வீடு முழுக்க ஆப்பிள் மணக்கும். ‘லோ’ என்றால் வெதுவெதுப்பாக வைத்திருப்பது என்று முதலில் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. பெரும்பாலான குக்கர்களில் இரண்டு நிலைகளுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஒரே சூட்டைத்தான் எட்டுகின்றன. எவ்வளவு சீக்கிரம் எட்டுகின்றன என்பதில்தான் வேறுபாடு.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதல் தடவை இரண்டு கிலோ ஆப்பிளுக்கு இரண்டு கப் தண்ணீர் ஊற்றினேன். மசியல் வரவில்லை, ரசம் போல ஒன்று வந்தது. காரணம் எளிது. இந்தக் கருவியின் மூதாதை, பீன்ஸ் வேகவைப்பதை மனத்தில் வைத்து அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் இர்விங் நாக்ஸன் உருவாக்கி 1940-இல் காப்புரிமை பெற்றது. காய்ந்த பீன்ஸ் தண்ணீரைக் குடிக்கும். ஆப்பிளோ தண்ணீரை விடும். அதன் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர்தான். ஆவியும் வெளியே போவதில்லை. மூடியில் முத்து முத்தாகக் கோத்து, விளிம்புக்கு வழிந்து, மறுபடியும் உள்ளேயே சொட்டுகிறது. இப்போது இரண்டு கிலோவுக்கு கால் கப் தண்ணீர், அரை மூடி எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான். பழம் தன் சாற்றை விடும் வரை அடி ஈரமாக இருந்தால் போதும். அப்படியும் நீர்த்துப்போனால், கடைசி ஒரு மணி நேரம் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே மரக்கரண்டியின் காம்பைக் கொடுத்துச் சற்றே திறந்து வைப்பேன். ஆறினால் மசியல் இன்னும் இறுகும். அதனால் சூட்டில் கொஞ்சம் தளர இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

மற்ற நேரத்தில் மூடியைத் தொடக் கூடாது. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப வருவதற்கு இருபது நிமிடமாவது ஆகிறது. ‘ஹை’யில் இரண்டு மணி நேரம் ஆனபிறகு கண்ணாடி வழியாகப் பார்த்தால் துண்டுகள் வைத்தது வைத்தபடியே இருக்கும், வெள்ளை மாறி, விளிம்பில் கண்ணாடி போன்ற பளபளப்பு மட்டும் வந்திருக்கும். ஒன்றுமே நடக்கவில்லையோ என்று கை பரபரக்கும். பொறுத்திருங்கள். மூன்றரை மணி நேரத்தில் திறந்து கரண்டியால் ஒரு துண்டைத் தொட்டால், சத்தமில்லாமல் அப்படியே அமிழ்ந்துவிடும். அதுதான் பதம்.

எந்த ஆப்பிள் என்பதுதான் பாதி வேலை. ரெட் டெலிஷியஸ் மட்டும் போட்டுச் செய்தபோது மணமும் இல்லை, புளிப்பும் இல்லை. நாக்கில் மணல் மணலாக இருந்தது. மக்கின்டாஷ் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன், அது பஞ்சாகக் கரைந்துவிடும். கிரானி ஸ்மித்தை மட்டும் போட்டால் புளிப்பு தூக்கலாகிவிடும், ஆனால் அது இல்லாமல் சுவையே எழாது. ஆஸ்திரேலியாவில் 1860-களில் தன் தோட்டத்தில் அந்தக் கன்றைக் கண்டெடுத்த மரியா ஆன் ஸ்மித்துக்கு ஒவ்வொரு தடவையும் மனதார நன்றி சொல்கிறேன். ஃபியூஜி அல்லது காலா இரண்டு பங்கு, கிரானி ஸ்மித் ஒரு பங்கு என்ற அளவில் இப்போது நிலைத்துவிட்டேன். இந்தக் கலவைக்குச் சர்க்கரை தேவைப்பட்டதே இல்லை. வேண்டுமென்றால் வெந்தபிறகு ருசி பார்த்துச் சேர்ப்பதே சரி, பழத்துக்குப் பழம் இனிப்பு மாறும்.

விதையும் நடுத்தண்டும் கட்டாயம் போக வேண்டும். தோலை மட்டும் எறிவதில்லை. சிவப்புத் தோல்களை மெல்லிய துணியில் முடிச்சாகக் கட்டித் துண்டுகளோடு போட்டுவிடுவேன். பழக்கூழை இறுகச் செய்யும் பெக்டின் என்ற பொருள் தோலில் அதிகம் என்பதால் மசியல் கெட்டிப்படும், இளஞ்சிவப்பு நிறமும் ஏறும். கடைசியில் முடிச்சைக் கரண்டியால் அழுத்திப் பிழிந்து எடுத்துவிடலாம். பட்டையைப் பொடியாகப் போடாதீர்கள். மணிக்கணக்கில் ஊறி வழவழப்பாகிவிடுகிறது. விரல் நீளத் துண்டு ஒன்று போதும். கிராம்பு ஒன்றே ஒன்று போட்டால்கூட மற்ற மணத்தையெல்லாம் அமுக்கிவிடுகிறது, நான் விட்டுவிட்டேன்.

மசிப்பதற்கு மத்துதான் என் தேர்வு. கைபிளெண்டர் பத்தே விநாடியில் பசையாக்கிவிடும். பல் இல்லாதவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது சரி. மற்றவர்களுக்கு நடுநடுவே சிறு துண்டுகள் அகப்பட வேண்டும். ஒருமுறை சூட்டோடு பிளெண்டரை விட்டு மணிக்கட்டில் தெறித்தது. ஆப்பிள் கூழ் ஒட்டிக்கொண்டு சுடும், தண்ணீர் போல வழிந்துவிடாது. ஆறவிட்டு அரையுங்கள்.

குக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னுடையதில் பின்பக்கம் சூடு கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு முறையும் அந்தச் சுவரோரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பழுப்பாகப் படிகிறது. குறை என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா அந்தப் பழுப்பைத் தனியாகச் சுரண்டித் தரச் சொல்ல ஆரம்பித்தபிறகு நானும் ருசி பார்த்தேன். மிட்டாய் போல இருந்தது. இரண்டாம் வருடம் சூடான பீங்கான் பாத்திரத்தை அவசரத்தில் குழாயடியில் காட்டியதில் மயிரிழை விரிசல் விட்டது. பாத்திரத்தை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடிந்தது. பிரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரத்தை நேராகச் சூட்டில் வைப்பதும் அதே ஆபத்துதான்.

செய்த மசியல் பிரிட்ஜில் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது. மிச்சத்தைச் சிறு டப்பாக்களில், மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு ஃப்ரீசரில் வைக்கிறேன். உறையும்போது பொங்கும் என்பதால் அந்த இடைவெளி தேவை. கேக்கில் ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் மசியல் சேர்க்கிறேன். எழும்புவது சற்றுக் குறையும், ஈரப்பதம் மூன்றாம் நாளிலும் இருக்கும்.

ஒருவருக்காக அரைக் கிலோ ஆப்பிள் வேகவைப்பதற்கு இது ஏற்றதல்ல. பாத்திரம் பாதிக்குக் குறைவாக இருந்தால் ஓரமெல்லாம் காய்ந்து கருகுகிறது. அந்த அளவுக்குச் சிறு பாத்திரமும் அடுப்பும் போதும், போனை மட்டும் அடுத்த அறையில் வைக்காதீர்கள்.