கண்ணை மூடுவதா, கிளிக்கரை நம்புவதா, போனில் பிடிப்பதா?

நேற்று அம்பெல்லாம் இலக்கின் நடு மஞ்சளில் விழுந்தது, இன்று சிவப்பிலும் நீலத்திலும் சிதறுகிறது. அதே வில், அதே அம்பு. அப்படியென்றால் உடம்பில்தான் ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று பிடிக்க, கோலாலம்பூரில் மூன்று வழிகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதல் வழி, வெறும் நுரைப்பலகை. இலக்குத் தாளைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று மீட்டரில் நிற்க வேண்டும் (ரேஞ்சில் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு). நாணைத் தாடைக்குக் கீழே பதித்து, அம்பு பலகையைப் பார்க்கிறதா என்று உறுதி செய்தபின் கண்ணை மூடுவது. முதல் இரண்டு வாரம் சுத்த அலுப்பு. மூன்றாவது வாரம், வில் பிடித்த தோள் காதுப் பக்கம் ஏறுவது தெரிந்தது. அப்புறம் மோதிர விரல் தளர்ந்து சுமை முழுக்க நடுவிரலுக்குப் போவது. புள்ளியை எண்ணிக்கொண்டிருந்த வரை இது இரண்டும் என் கவனத்துக்கே வரவில்லை.

கிளிக்கர் வேறு ரகம். ரைசரில், அதாவது வில்லின் நடுப்பிடியில், ஒரு மெல்லிய தகடு. அம்பின் முனை அதைத் தாண்டியதும் 'டிக்'. இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்கும். 70 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான் என்பதால் இந்த உதவி சின்னதல்ல. ஆனால் எனக்கு அது கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது: முதுகை விட்டுவிட்டு மணிக்கட்டை முறுக்கி 'டிக்'கை வரவழைத்தேன். காதுக்குத் திருப்தி, தோளுக்கு ஒன்றும் தெரியவில்லை. குறிக்கருவி எதுவும் இல்லாமல் வெறும் வில்லால் எய்யும் பேர்போ பிரிவில் கிளிக்கருக்கு இடமே இல்லை. அவர்கள் உடம்பை நம்பித்தான் எய்கிறார்கள்.

போன் வீடியோவை மாமாக் கடையில் தே தாரிக் டீயோடு பார்க்கலாம், சௌகரியம். தவறு தெரியும், அது உள்ளே எப்படி இருந்தது என்பது அதற்குள் மறந்திருக்கும். முதலில் என்ன உணர்ந்தோம் என்று சொல்லிவிட்டு, பிறகு பார்த்தால்தான் பலன்.

ஏர் ரைஃபிள் சுடும் நண்பர் ஒருவர் நான்காவதாக ஒன்று சொல்லிக்கொடுத்தார். குறிபார்த்து, கண்ணை மூடி, மூச்சை விட்டுத் திற. குறி நகர்ந்திருந்தால்? "கையால இழுத்துத் திருத்தாதீங்க அண்ணே, காலை நகர்த்துங்க." அவர்களுக்குப் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசிய வீராங்கனை நூர் சூரியானி எட்டு மாத வயிற்றோடு அதைத்தான் குறிவைத்தார். துப்பாக்கிக்கு லைசென்ஸ் அலைச்சல் உண்டு, ஆனால் இந்த வித்தையை வில்லுக்கு இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் வேண்டாம்: அவர்கள் வெறும் விசையை இழுத்துப் பழகுவதுபோல, அம்பில்லாமல் நாணை விடக்கூடாது, வில்லின் கிளை உடையும். வீட்டில் எலாஸ்டிக் பட்டை போதும்.

புதிதாக வருபவருக்கு நுரைப்பலகையைத்தான் சொல்வேன், கிளிக்கர் ஆறு மாதம் காத்திருக்கட்டும். என்னுடையதையே இப்போது கழற்றிப் பையில் போட்டிருக்கிறேன்.