போனா, மைக் செட்டா? மதுரை செல்லூரில் ஒரு தெருவின் வெள்ள அனுபவம்

வெள்ளம் வந்தால் அறிவிக்க எங்கள் தெருவுக்கு மைக் செட் வாங்கி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, டிஎன் அலர்ட் என்ற அரசின் மழை எச்சரிக்கைச் செயலியும் இருக்கிறது, பிறகு குழாய் ஸ்பீக்கர் எதற்கு என்று அப்போது பலர் கேட்டார்கள். வாங்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

போனைக் குறை சொல்ல மாட்டேன். வைகை ஆற்று வெள்ளத்துக்கு அது போதும். 71 அடி வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஆண்டிபட்டிப் பக்கம் திறந்த தண்ணீர் மதுரைக்கு வந்து சேர்வதற்குள் கரையோரத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிடலாம்.

எங்களை மூழ்கடித்தது ஆறு இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செல்லூர் கண்மாயின் உபரித் தண்ணீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாகத்தான் வைகைக்குப் போயாக வேண்டும். வாய்க்கால் தாங்கவில்லை, தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் ‘மதுரை மாவட்டத்தில் கனமழை’ என்ற குறுஞ்செய்தியை வைத்து என்ன செய்வது? எந்தத் தெருவுக்கு, எவ்வளவு நேரத்தில் என்று வாய்க்கால் பாலத்தில் நின்று பார்ப்பவர்தான் சொல்ல முடியும். இப்போது பாலத்துச் சுவரில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறோம். தண்ணீர் அதைத் தொட்டால் மைக்கில் அறிவிப்பு. போனே தொடாத அப்பத்தாவுக்கும் அது கேட்கும்.

அறிவிப்பு வண்டி என்று இன்னொரு வழி உண்டு. தண்டோராவை 2022-ல் அரசு நிறுத்தச் சொன்னபோது அதற்குப் பதிலாகச் சொன்னது அதைத்தான். ஆனால் முழங்கால் தண்ணீரில் ஆட்டோ உள்ளே வராது.

மைக் செட்டின் உயிர் பேட்டரியில்தான் இருக்கிறது. மழை வலுத்தால் கரண்ட் போய்விடும். வாங்கிய மூன்றாம் மாதம் சும்மா போட்டுப் பார்த்தோம், சத்தமே இல்லை. பேட்டரி முழுக்க இறங்கியிருந்தது. அன்று மழை பெய்திருந்தால்? நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது. அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிறு பேட்டரியை சார்ஜ் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் பேசிப் பார்க்கிறோம். பெட்டியைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு மாற்றினோம். சாவி இரண்டு வீட்டில். இந்த முறைவேலைக்கு ஆள் இல்லாத தெரு மைக் செட் வாங்கவே வேண்டாம், போனோடு இருந்துகொள்ளலாம்.

நடுராத்திரியில், சன்னல் சாத்திய வீட்டுக்குள், தகரக் கூரையில் மழை அடிக்கும்போது மைக் கேட்குமா? எங்களுக்கு இதுவரை பகல் அனுபவம்தான். அதனால் இரவில் கதவு தட்ட நான்கு பிள்ளைகளிடம் விசில் கொடுத்திருக்கிறோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐப் பெட்டி மூடியில் பெயிண்டில் எழுதியிருக்கிறோம்.