மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு: குறைந்த செலவில் சேர்த்த முதல் ஏர் ரைஃபிள்

டெல்லி ஆர்.கே. புரத்தில் வசிக்கும் நான், அப்போது எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்காக 10 மீட்டர் தூரப் போட்டிக்கான ஏர் ரைஃபிள் (காற்றுத் துப்பாக்கி) ஒன்றையும் அதற்கு வேண்டிய துணைப் பொருட்களையும் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு சேர்க்கத் தொடங்கினேன். ஒதுக்கிய தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். அதில் எது காசுக்கு உழைத்தது, எது பரணில் கிடக்கிறது என்பதை இப்போதுதான் ஓரளவு நிதானமாகச் சொல்ல முடிகிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் அலுவலக நண்பர் ஒருவர், குழல், விசைத் தொகுதி, தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை என்று தனித்தனியாக வாங்கி வீட்டு மேசையிலேயே ஒரு துப்பாக்கியைப் பூட்டிவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது குற்றம். 4.5 மி.மீ.க்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கியை வாங்கி வைத்திருக்க மட்டும் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு உதிரிபாகத் தேர்வு என்பது, தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து வந்த ஒரு துப்பாக்கியை நடுவில் வைத்துக்கொண்டு, அதைச் சுடுபவரின் உடலோடு பொருத்துகிறவற்றைத் தேர்ந்தெடுப்பதுதான்.

முதலில் போன கடையில், குண்டு எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதைத்தான் விற்பனையாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். போட்டித் துப்பாக்கிகளில் அரை கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள ஈயப் பெல்லட் வினாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில்தான் போகிறது. ஆற்றல் எட்டு ஜூல்கூட இல்லை. பத்து மீட்டரில் காகிதத்தைத் துளைக்க அது தாராளம். வேகத்தைச் சொல்லி விற்கப்படுபவை பெரும்பாலும் வேறு வேலைக்கானவை என்பதை எங்கள் கோச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற வேலூர்க்காரர்.

கடைசியில் இரண்டு பழைய ஜெர்மன் துப்பாக்கிகள் கண்ணில் பட்டன. ஒன்று, வால்நட் மரக்கட்டையில் பளபளவென்று இருந்தது. கன்னம் வைக்கும் பகுதியை அதில் சற்றே ஏற்றி இறக்கலாம், அவ்வளவுதான். மற்றொன்று அலுமினியக் கட்டை. நீலப் பூச்சு இடையிடையே உரிந்து கீறல் விழுந்திருந்தது. ஆனால் கைப்பிடி, கன்னம் வைக்கும் சீக் பீஸ், தோளில் பதியும் பட் பிளேட் என எல்லாமே திருகினால் நகரும். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு மரத்தின் மேல் ஆசை. கோச்தான், "சார், பாப்பா இன்னும் வளரும்; கட்டை வளராது" என்றார். கீறல் விழுந்ததை 88,000 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தத் தொகுப்பில் நான் எடுத்த சரியான முடிவுகளில் முதலிடம் இதற்குத்தான்.

தவறும் அதே நாளில்தான் நடந்தது. குண்டைத் தள்ளும் அழுத்தக் காற்று இருக்கும் சிலிண்டரில் தயாரிப்புத் தேதி பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, விற்றவரும் வாய் திறக்கவில்லை. 200 பார் அழுத்தம் தாங்கும் இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள் குறிக்கிறார்கள். செல்லுபடியாகும் காலத்துக்குள் சிலிண்டரை வைத்திருப்பது வீரரின் பொறுப்பு என்று சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்.) விதியும் சொல்கிறது. எங்களுடையதில் மிச்சம் இருந்தது ஏழு மாதம். புதிய சிலிண்டருக்கு 21,000 ரூபாய் போயிற்று. பழைய துப்பாக்கி பார்க்கப் போகிறவர்கள் குழலுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி அந்தச் சின்ன எழுத்துகளைப் படிப்பது நல்லது.

இனி பொருத்தம். முதல் இரண்டு மாதம் மகளின் குறிகள் மேலும் கீழுமாகச் சிதறின. குழலைச் சந்தேகப்பட்டு, துப்பாக்கியை மேசையில் தாங்கலோடு வைத்து கோச் பத்துக் குண்டு சுட்டார். பத்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. ஒருநாள் மகளே, "அப்பா, கன்னத்த வைக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் வட்டம் வேற மாதிரி தெரியுது" என்றாள். அன்று மாலை திருகுகளைத் தளர்த்தும் ஆலன் கீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, தலையை இயல்பாகச் சாய்த்த பிறகு கண்ணைத் திறப்பாள். டயாப்டர் எனப்படும் பின்குறியின் சிறு துளை நடுவில் பார்வை விழாவிட்டால் சீக் பீஸை ஒரு மில்லிமீட்டர் ஏற்றுவேன். மறுபடியும் கண்ணை மூடுவாள். ஒன்றரை மணி நேரத்தில் மொத்தமாக ஏறியது ஆறு மில்லிமீட்டர்தான். ஆனால் நாங்கள் சுடும் குறிப்பலகையில் மதிப்பெண்ணின் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கும் கால் மில்லிமீட்டர். மையத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக விலகினால் 0.8 போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் நெயில் பாலிஷால் அதில் ஒரு கோடு போட்டு வைத்தோம். இன்றுவரை துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அவள் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

குழல் முனையில், கறுப்பு வட்டத்தை நடுவில் வைத்துப் பார்க்கும் முன்குறி வளையமும் இப்படித்தான். பலகையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டமுடையது, பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அது, கண்ணிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டரில் உள்ள முன்குறியில் மூன்று மில்லிமீட்டர் அளவாகத் தெரியும். இறுக்கமான வளையம் துல்லியமானது என்று நினைத்து 3.2 மி.மீ. வளையத்தை மாட்டினோம். வெள்ளை இடைவெளி நூலிழையாகிவிட, வட்டம் நடுவில் இருக்கிறதா என்று தேடித் தேடியே அவள் மூச்சு தீர்ந்துபோயிற்று. 3.8க்கு மாறிய வாரத்திலேயே விசை தயக்கமில்லாமல் விழத் தொடங்கியது. நூறு ரூபாய்ச் சமாசாரம்.

பெல்லட்டுக்கு ஆகும் செலவை நான் தொடக்கத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. மூன்று ஆண்டில் முப்பதாயிரம் குண்டுக்கும் மேல் சுட்டிருக்கிறாள். அந்தச் செலவு துப்பாக்கி விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. விலை உயர்ந்த டப்பாதான் நன்றாகச் சுடும் என்பதும் உண்மையில்லை. ஐந்து வகைகளைத் தாங்கலில் வைத்துச் சோதித்தபோது, எங்கள் குழலுக்கு மிகவும் இசைந்தது நடுத்தர விலையில் உள்ள 4.49 மி.மீ. பெல்லட், பெரிய பெயருள்ள ஒன்று நான்காம் இடத்துக்குப் போனது. அதே வகையில் வேறு தயாரிப்புத் தொகுதி எண் உள்ள டப்பா வந்தபோது குறிகள் சற்றே விரிந்ததையும் பார்த்தோம். அதிலிருந்து நல்ல தொகுதி கிடைத்தால் பத்து டப்பா சேர்த்து வாங்கி, அதைப் போட்டிக்கும் கடைசி வாரப் பயிற்சிக்கும் மட்டும் ஒதுக்குகிறோம். போட்டிக்கு முந்தைய இரவு மேசை விளக்கின் கீழ் பெல்லட்டுகளைப் பரப்பி, பின்விளிம்பு நசுங்கியவற்றைப் பொறுக்கி எடுப்பது எங்கள் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவது போன்ற வேலையாகிவிட்டது. என் மனைவிக்குத்தான் அதில் கண் கூர்மை. ஈயம் என்பதால் முடிந்ததும் கைகழுவுவது கட்டாயம். குண்டு போடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகும் டிரை ஃபயர் பயிற்சி வீட்டிலேயே தினமும் அரை மணி நேரம் நடக்கிறது. எங்கள் செலவைக் குறைத்ததில் அதற்கு இணை வேறில்லை.

சுடும்போது அணியும் விறைப்பான ஜாக்கெட்டைப் பழையதாக 6,000 ரூபாய்க்கு வாங்கினேன். வளரும் பிள்ளைக்கு முதல் ஜாக்கெட் புதிதாக வேண்டாம். பதினெட்டு மாதத்தில் தோள் பிடிக்கத் தொடங்கியது. காலணிக்கு முதல் ஆண்டு முழுவதும் தட்டையான அடிப்பாகம் உள்ள கேன்வாஸ் ஷூவே போதுமாக இருந்தது. துப்பாக்கியைக் கையோடு பிணைத்துத் தாங்க, கடைக்காரர் பட்டியலில் சேர்த்துவிட்ட சிலிங் வார் மட்டும் முழு வீண். 10 மீட்டர் பிரிவு நின்று சுடுவது. நின்று சுடும் நிலையில் வாருக்கு அனுமதியே இல்லை. அது இப்போது சூட்கேஸைக் கட்டப் பயன்படுகிறது.

சிலிண்டரில் காற்று ஏற்றும் ஹேண்ட் பம்ப் பற்றி இரண்டு மனம்தான். 200 பாருக்கு ஏற்றுவது என் எடைக்கே உடற்பயிற்சி; அதைவிட, டெல்லியின் ஜூலை, ஆகஸ்ட் புழுக்கத்தில் காற்றோடு ஈரமும் உள்ளே போகிறது. ஈரம் வடிக்கும் வடிகட்டி பொருத்தி, நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு அடித்தும், இரண்டாம் மழைக்காலத்தில் ஒரு சீல் கசியத் தொடங்கியது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் ஐந்து வாரம் வைத்துக்கொண்டார்கள். இப்போது பயிற்சி ரேஞ்சில் உள்ள பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்கிறோம். எப்படி நிரப்பினாலும் இணைப்புகளில் சாதாரண எண்ணெய் விடக் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அது தீப்பிடிக்கக்கூடும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும்தான்.

போன மாதம் துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட கர்ணி சிங் ரேஞ்சில், தன் முதல் பெரிய போட்டியை அதே கீறல் விழுந்த துப்பாக்கியால் சுட்டாள். அவளுக்குப் பக்கத்துத் தடத்தில் நின்ற பெண்ணின் துப்பாக்கி எங்களுடையதைப் போல் மூன்று மடங்கு விலை. மதிப்பெண்ணில் இருவருக்கும் ஒன்றரைப் புள்ளிதான் இடைவெளி, அதுவும் அந்தப் பெண்தான் மேலே. உயரம் பதினொரு சென்டிமீட்டர் கூடியிருப்பதால் பட் பிளேட்டை இதுவரை நான்கு முறை பின்னுக்கு நகர்த்தியாயிற்று. தண்டில் இன்னும் ஒரு கோடு மிச்சம் இருக்கிறது.